மூன்றாம் இலையின் அடியில்

ஏழு வருஷம்.
ஒரு பூ கிடையாது.

வாங்கியபோது பூவோடுதான் இருந்தது.
ஒஸ்ட்ராவாவில், டிராம் பணிமனைக்கு எதிரே
ஆணியும் பெயின்டும் விற்கிற கடையில்
வாளிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே
பாதி விலைச் சீட்டோடு நின்றது.
இரண்டு மாதம் ஊதாவாய் இருந்துவிட்டு
ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டது,
விருந்துக்குப் போய்வந்தவள்
தோட்டைக் கழற்றி வைப்பதுபோல.
அதற்குப் பிறகு இலைதான்.

இலை என்றால் அப்படி ஓர் இலை.
பசுவின் நாக்கு மாதிரித் தடிமன்.
துடைத்தால் சமையலறை விளக்கு அதில் தெரியும்.
வேர்கள் தொட்டியைத் தாண்டி வந்து
ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தன.
பூச்சி இல்லை, அழுகல் இல்லை,
பொட்டு மஞ்சள் இல்லை.
எங்கேயும் குற்றம் சொல்ல விடாமல்
ஒரு பிடிவாதம்.

வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் கொடுத்தேன்.
உரம் கொடுத்தேன், பிறகு பட்டினி போட்டேன்.
பேசிப் பார் என்றாள் கீழ்வீட்டு லிபுஷே.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து
கடைசி வண்டியில் ஏறிய குடிகாரர்களைப் பற்றிச் சொன்னேன்,
அதில் ஒருவன் தன் செருப்புக்கும் டிக்கெட் கேட்டதை.
ஒருநாள் குப்பைத்தொட்டிவரை தூக்கிப் போய்
மூடியைத் திறந்தும் காட்டினேன்.
அடுத்த வாரம் இன்னோர் இலை விட்டது.

என் அண்ணன் ராடிமுக்குக் குளிர் ஆகாது.
முப்பது வருஷம் உலை வாயில் நின்ற உடம்பு.
செப்டம்பர் பிறந்தால் பழுப்பு டேப் எடுத்து
ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்துவிடுவான்.
ரேடியேட்டர் இரவும் பகலும் முனகும்.
வெளியே பனி கொட்டும்; உள்ளே நாங்கள்
சட்டைக் கையை மடித்துவிட்டுப்
பூண்டு சூப் குடித்து வியர்ப்போம்.
செடியும் எங்களோடு இருந்து
சுகமாகக் கொழுத்தது.

அந்த அக்டோபரில் தெருவுக்கடியில் குழாய் வெடித்தது.
இருபத்து மூன்று நாள் வீட்டில் சூடு இல்லை.
ராடிம் ஓபாவாவுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.
நான் கோட்டோடு தூங்கினேன்.
ஜன்னல் டேப் ஒரு மூலையில் பிய்ந்து
ராத்திரியெல்லாம் படபடத்தது.
எழுந்து ஒட்டச் சோம்பல்.
செடியை, உண்மையைச் சொன்னால்,
மறந்தே போயிருந்தேன்.

நவம்பர் கடைசியில்
மூன்றாம் இலையின் அடியில் ஒரு பச்சை மூக்கு.

வேரா, தண்டா?
வேர் என்றால் நுனி மழுங்கிப் பளபளக்கும்.
இது குழந்தைக் கையுறை மாதிரி
ஒரு பக்கம் கட்டைவிரல் புடைத்து
மேல்நோக்கி.
கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
லிபுஷே மூச்சு வாங்க மாடியேறி வந்து
வேர்தான் என்றாள்.
அன்று அவளுக்கு நான் காபி கொடுக்கவில்லை.

ராடிம் டிசம்பரில் வந்தான், புது டேப் சுருளோடு.
அதற்குள் தண்டு ஒரு கரண்டிக் காம்பு நீளம்.
“பார்த்தாயா, இத்தனை வருஷம் நான் ஊட்டிய சூடு!”
நான் மறுக்கவில்லை.
பெருமைப்பட அவனுக்கு அந்த வருஷம்
வேறெதுவும் வாய்க்கவில்லை.

ஜனவரியில் ஐந்து மொட்டு.
இரண்டு, வறண்ட வெக்கையில் பழுத்து
மேஜைத் துணிமேல் விழுந்தன.
அவன் அவற்றை எடுத்து
உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.
அப்போதுதான் சொன்னேன்,
அது குளிரில் பிறந்தது என்று.
அவன் ஒன்றும் பேசவில்லை.
டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை
வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால்
வீடு வழக்கமில்லாமல் அமைதி.
முனகல் இல்லை. திருகு முழுக்க மூடியிருந்தது.
சமையலறை மேஜையில் ராடிம்,
கோட்டு, கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடிக் காலுறை.
எதிரே ஒரு பூ,
இன்னும் முழுதாக விரியாமல்,
தூக்கத்தில் திறந்த வாய்போல.

“ரேடியேட்டரைத் திறக்கட்டுமா?” என்றேன்.

“இன்னும் ரெண்டு பாக்கி” என்றான்,
தும்மிவிட்டு.